பூட்ஸுக்குள் நண்டு

மார்ச் 5

அக்காவுக்கு,

உன் போன் குட்டைக்குள் விழுந்து செத்துப்போனதால் பாப்பாவின் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். அங்கே இருக்கும் டீச்சர் நல்லவர், வாயைத் திறக்கமாட்டார் என்று நீ முன்பு சொன்னதை நம்பித்தான். உறையின் மேல் என் பெயரைப் போடவில்லை.

நாலு நாளாகிவிட்டது. மாமா எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை. அதை நானாகவே கேட்கிறேன்.

பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும்தான் திரும்பினோம். அப்பா டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையை அன்றைக்கும் விடவில்லை, வழியெல்லாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா மிச்சமிருந்த முட்டைகளை உரித்து உரித்து எங்கள் கையில் வைத்தாள். என்னுடையதில் ரத்தம் ஒட்டிக்கொண்டது. என் விரலில் இருந்ததுதான். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன்.

காலையில் எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது! கடல் அவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று நான் நினைக்கவே இல்லை. கறுப்புப் பாறைகளுக்கு நடுவில் எத்தனை குட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருப்பது போல. தொட்டால் சுருங்கிக்கொள்ளும் அந்தச் சிவப்புப் பிராணிக்குப் பாப்பா "ஒட்டுப்பூ" என்று பெயர் வைத்தாள். மாமா அவளைத் தோளில் உட்காரவைத்து நட்சத்திர மீன் காட்டினார். "சித்தி பேசமாட்டா, அதுவும் பேசாது, ரெண்டும் சேர்ந்தா வீடு அமைதியா இருக்கும்" என்றார். நான்கூடச் சிரித்தேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மாமாவைப் பிடித்திருந்தது.

பிறகு பாப்பா அவருடைய புது பூட்ஸில் தண்ணீர் மொண்டு நண்டை விட்டாள். அவர் பார்க்காமல் காலை விட்டார். ஒற்றைக்காலில் அவர் குதித்த குதிப்பைப் பார்த்து முதலில் சத்தம் போட்டுச் சிரித்தது நான்தான். வீட்டில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் அப்பா. அப்புறம் நீ. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நண்டைப் பிய்த்துப் பாறையில் அடித்தார். சிரித்துக்கொண்டே உன் பின்னலைச் சுற்றிப் பிடித்தார்.

சிரித்தது நான். தண்ணீருக்குள் போனது உன் முகம்.

முழங்கால் ஆழம்கூட இல்லை அக்கா. அதற்குள் ஒரு ஆளை அமுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. எண்ணினேன். அப்பா குனிந்து சங்கு பொறுக்க ஆரம்பித்தார். அம்மா பாப்பாவின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். நீ உதைத்த உதையில் சிப்பி ஒட்டிய பாறை உன் முழங்காலைக் கிழித்து, குட்டை கலங்கி, ஒட்டுப்பூ எல்லாம் மூடிக்கொண்டன. பதினொன்றில் கல்லை எடுத்தேன். அது என்ன சத்தம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தேங்காய் உடைவது போல இருக்கும் என்று நினைத்திருப்பாய். இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைவது போலத்தான் இருந்தது.

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுது என்று அம்மா உட்காரவைத்தாள். வரவில்லை. சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.

பூச்சி


மார்ச் 10

பூச்சி,

உனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தவள் நான்தான். கை இருக்கிறது என்று அப்போது தெரியாது.

அவருக்குப் பதினாலு தையல். இடது காது கேட்கவில்லை, இனி கேட்காது என்கிறார்கள். அலைதடுப்புச் சுவர் வேலையில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் காது போனால் என்ன ஆகும் தெரியுமா? கீழே நிற்கிறவன் கத்துவதைக் கேட்டுத்தான் பாறாங்கல்லை இறக்க வேண்டும். அதனால் அவரைக் கீழே இறக்கிக் கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். லாரிகளுக்கு வழி காட்டுகிறார். பத்து வருடம் எல்லார் தலைக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர்.

பாறையில் வழுக்கி விழுந்தார் என்று டாக்டரிடம் சொன்னோம். நானும் சொன்னேன். அங்கே எல்லாரும் அவரைச் 'சாது' என்றுதான் கூப்பிடுவார்கள். "சாதுவுக்கா இப்படி ஆகணும்?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மைத்துனி கையால் அடி வாங்கினேன் என்று அவரால் வெளியே சொல்ல முடியாது. உன் நல்ல காலம்.

நீ கல்லைப் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் அவரோடு வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியதற்குப் பிறகு என்ன என்று யோசித்தாயா? உன்னை யார் கேட்டது? பதினொன்று எண்ணினாளாம். பதினைந்தில் விட்டுவிடுவார். எப்போதும் பதினைந்தில் விட்டுவிடுவார். எனக்குத் தெரியாதா? நானும்தான் எண்ணுகிறேன்.

இனி எழுதாதே.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எனக்குப் பேசத்தான் வராது என்று நினைத்திருந்தேன். எழுதாமல் இருக்கவும் வராது போலிருக்கிறது.

"எப்போதும்" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் குட்டை கிடையாது. அப்படியென்றால் எதற்குள்? வாளியா? துணி ஊறவைக்கும் தொட்டியா? இந்தக் கேள்வி என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. போன வருடம் நான் வந்து பத்து நாள் தங்கினேனே, அந்தத் தொட்டியில்தானே பாப்பாவைக் குளிப்பாட்டினோம்?

இங்கே அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். நேற்றுச் சாப்பிடும்போது நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், "உன் பொண்ணை உப்பு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார். அம்மா என்னைப் பார்த்து, "உப்பைத் தள்ளணுமாம்" என்றாள். நான் தள்ளினேன். "தள்ளிட்டா" என்று அம்மா அவரிடம் சொன்னாள். சண்டை மட்டும் இல்லையென்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ எதுக்குடி மூக்கை நுழைச்ச?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். மூக்கை எங்கேம்மா நுழைத்தேன், கல்லைத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். வாய்க்கு வருவதில்லை. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னபோதும் வரவில்லை. அதனால்தானே பள்ளிக்கூடமே போனது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் எனக்குச் சரியான இடம். இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு வருகிறது. கறையைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவேன். பிரசவம் வேறு மாதிரி, அறுவை வேறு மாதிரி, விபத்து வேறு மாதிரி. பெரியக்கா (எங்கள் மேற்பார்வையாளரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) என்னை "டாக்டரம்மா" என்கிறாள்.

பாப்பா என்ன செய்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

பூச்சி


மார்ச் 24

பூச்சிக்கு,

உப்பு டப்பாவைப் படித்துவிட்டு டீச்சர் அறையிலேயே சிரித்துவிட்டேன். "என்னம்மா நல்ல சேதியா?" என்று டீச்சர் கேட்டார். எங்கள் வீட்டில் உப்புக்கே இரண்டு தூதுவர் வேண்டும் என்றேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை. அதுதான் உண்மை.

அவர் இந்த வாரம் அமைதியாக இருக்கிறார். ஒருநாள் என் மடியில் தலை வைத்து அழுதார். கேட்கும் காது கீழே இருந்தது, அதனால் நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது. தலையைத் தடவிக்கொடுத்தபடி, இவ்வளவு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் மெதுவாகச் சொன்னேன். நல்லபடியாகத் தூங்கிவிட்டார். நீ செய்ததில் இந்த ஒரு நன்மை உண்டு.

பாப்பா குட்டையில் பொறுக்கிய சங்குகளை ஜன்னலில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்குள்ளும் ரொட்டித் தூள் போடுகிறாள். உள்ளே இருப்பவர்களுக்குப் பசிக்குமாம். எறும்பு வந்து தின்கிறது. காலையில் "சாப்பிட்டுட்டாங்கம்மா!" என்று கூத்தாடுகிறாள்.

தொட்டியைப் பற்றிக் கேட்காதே.

ஒரு சின்ன விஷயம். துணியில் ரத்தக்கறை போக என்ன செய்ய வேண்டும்? வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தேன், பழுப்பாக அப்படியே நிற்கிறது. பெரிய துணி இல்லை. மஞ்சள் நிறம், காலர் பக்கம் மட்டும். அவசரம் இல்லை.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

வெந்நீர் தப்பு. சூட்டில் ரத்தம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தம் என்றால் எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். இனி ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. உப்பைக் கரைத்துத் தடவி வெயிலில் போட்டுப் பார். கொஞ்சம் மங்கும், முழுதாகப் போகாது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நீ எனக்குச் சொல்.

உங்கள் வீட்டில் மஞ்சள் நிறத்தில் காலர் வைத்த துணி ஒன்றே ஒன்றுதான். அது பாப்பாவின் கவுன். என் முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. பெரிய துணி இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பெரிய துணி இல்லை.

மூக்கிலிருந்து வந்தால் ரத்தம் முன்பக்கம் வழியும், நெஞ்சு வரை சொட்டுச் சொட்டாக இருக்கும். பல் பட்டாலும் முன்பக்கம்தான். காலரின் பின்பக்கம் என்றால் தலை. இதை நான் தினமும் நானூறு துணியில் பார்க்கிறேன், என்னை ஏமாற்ற முடியாது.

எந்தப் பக்கம் அக்கா?

பாப்பாவுக்குப் பதினைந்து வரை எண்ணத் தெரியாது. பத்து வரைதான் தெரியும். அன்றைக்குக் குட்டை குட்டையாக எண்ணிக்கொண்டே போனாளே, பத்து வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாளே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

பூச்சி


ஏப்ரல் 6

பின்பக்கம்.

உன் கடிதத்தை ஐந்து நாள் பையில் வைத்திருந்தேன். பொய்தான் எழுதுவதாக இருந்தேன். ஊஞ்சலில் இருந்து விழுந்தாள் என்று டாக்டரிடம் சொன்னதையே உனக்கும் எழுதலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன்.

அவருடைய இடது பக்கத்திலிருந்து பாப்பா கூப்பிட்டாள். "அப்பா", "அப்பா" என்று மூன்று தடவை. அவருக்குக் கேட்கவில்லை. அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். வலது பக்கம் ஓடி வந்து, "அப்பாவுக்குக் காதே இல்லை!" என்று கைதட்டிச் சிரித்தாள். அவர் ஒரு கையால்தான் தள்ளினார். கதவின் இரும்புக் கொண்டி. மூன்று தையல். விழுந்ததும் அழக்கூட இல்லை. என்னைப் பார்த்தாள். இது விளையாட்டா இல்லையா என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

என்னைத்தானே அடிக்கிறார், குழந்தை மேல் உயிராக இருக்கிறார் என்று ஆறு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அந்தக் கொண்டியில் மோதி உடைந்தது.

இன்னும் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடல் மறுபடியும் அவ்வளவு தூரம் உள்வாங்குமாம். வேலையிடத்தில் அலை அட்டவணை ஒட்டியிருக்கிறது, பார்த்து வைத்திருக்கிறார். "உன் தங்கச்சியை வரச் சொல்லு. அதே குட்டை. அவளே மண்டி போட்டு அவளே முகத்தை உள்ள விடணும். நான் எண்ணுவேன். பதினைஞ்சு. அதோட சரி, நான் மறந்துடறேன்" என்கிறார். குரலை உயர்த்தவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

நீ வராவிட்டால், கல்லால் அடித்துக் கொல்லப் பார்த்தாள் என்று போலீசில் எழுதிக்கொடுப்பாராம். "பதினாறு வயசுதானே, ஜெயில்ல போடமாட்டாங்க, சிறுவர் இல்லத்துலதான் போடுவாங்க, அங்க பேசக் கத்துக்குவா" என்றார். அதற்குப் பிறகு பாப்பாவைப் பார்த்து, "இல்லன்னா இவளுக்கு இப்பவே பத்துக்கு மேல எண்ணக் கத்துக்கொடுத்துடலாம்" என்றார். பாப்பா, "எனக்குத் தெரியுமே! பத்து, பன்னெண்டு!" என்றாள்.

வா பூச்சி. பதினைந்துதான். நான் பக்கத்திலேயே நிற்பேன். முதல் ஐந்து பெரிதாகத் தெரியாது. ஒன்பதில் காது அடைக்கும். பன்னிரண்டில் வாயைத் திறந்துவிடாதே, அதுதான் முக்கியம். அதைத் தாண்டிவிட்டால் வந்துவிடும்.

இப்படி ஒரு கடிதம் எழுதும் அக்காவைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

வருகிறேன்.

மூச்சு அடக்கிப் பழகுகிறேன் என்று நினைத்துவிடாதே. அதற்காக வரவில்லை.

எங்கள் பெரிய இயந்திரத்தின் வடிகாலை நெம்பித் திறக்க ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. முழங்கை நீளம், ஒரு முனை தட்டை. அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். மேலே பாப்பாவுக்கு வாங்கிய புது கவுன் இருக்கிறது. இதுவும் மஞ்சள்தான், கடையில் வேறு நிறம் இல்லை.

போன தடவை பயத்தில் அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். அதனால்தான் காதில் பட்டது. இந்தத் தடவை மண்டி போடச் சொல்வார். நான் போடுவேன். அவருக்கு எண்ணும்போது குனிந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது, நான் அன்றைக்குப் பார்த்தேன். குனியும்போது நெற்றிப்பொட்டு எனக்கு நேராக வரும். சலவைக்கூடத்தில் ஈர விரிப்பு மூட்டையைத் தினமும் நூறு தடவை தூக்கிப் போடுகிறேன். என் தோளை நீ பார்த்ததில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பாப்பாவை அழைத்துக்கொண்டு அந்த உயரமான பாறைக்குப் பின்னால் போய்விடு. ஒட்டுப்பூ காட்டு. திரும்பிப் பார்க்க விடாதே. ஒரு மணி நேரத்தில் கடல் திரும்பி வந்து குட்டையை நிரப்பிவிடும். வழுக்கி விழுந்தார் என்று ஒரு தடவை எல்லாரும் நம்பினார்கள். இன்னொரு தடவையும் நம்புவார்கள்.

இதை எழுதும்போது கை நடுங்கும் என்று நினைத்தேன். பார், கோடு போட்டது போல இருக்கிறது என் எழுத்து. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்.

பூச்சி


ஏப்ரல் 20

பூச்சி,

எழுத்து கோணலாக இருக்கும். இது இடது கை. வலது மணிக்கட்டில் கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதுகிறேன், பயப்படாதே. பாப்பா டீச்சர் வீட்டில் இருக்கிறாள்.

சனிக்கிழமை டீச்சர் உங்கள் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து "வரவேண்டாம், காரியம் முடிந்துவிட்டது" என்று சொன்னாரே, என்ன காரியம் என்று நீ தவித்திருப்பாய். அவன் சாகவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை என் கைக்கு வந்தது. உன் எழுத்தைப் பார்த்தேன். அவ்வளவு அழகாக நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. நீ செய்துவிடுவாய் என்று தெரிந்துபோயிற்று. என் தங்கையைக் கொலைகாரி ஆக்கிவிட்டு, நான் பாறைக்குப் பின்னால் குழந்தைக்குப் பூ காட்டிக்கொண்டு நிற்பேன் என்றா நினைத்தாய்?

போலீசுக்குப் போயிருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் ஒரு தடவை போனேன், உனக்குத் தெரியாது. "சாதுவா? அந்த ஆள் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவராச்சேம்மா" என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று என் வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். அதனால் சுவரை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு அலைதடுப்புச் சுவருக்குப் போனேன். நாற்பது பேர் பாறாங்கல் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கொடிக்கம்பை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தான். "அண்ணி வந்திருக்காங்க, வாங்க வாங்க" என்று இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை. அவனுடைய வலது பக்கம், கேட்கும் பக்கம் நின்றுகொண்டு, நண்டு கதையைச் சொன்னேன்.

நன்றாகச் சொன்னேன் பூச்சி. எனக்குக் கதை சொல்ல வரும், உனக்குத் தெரியும். பூட்ஸ், நண்டு, ஒற்றைக்கால், எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். நாற்பது பேரும் சோற்றைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். "சாது, நண்டு கடிச்சா இவ்வளவு நல்லா ஆடுவியா? முன்னாடியே சொல்லியிருந்தா கிரேனுக்குள்ள ஒண்ணு விட்டிருப்போமே!" என்று ஒருத்தன் கத்தினான். அவனும் சிரித்தான். நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

என்ன வரும் என்று தெரிந்துதான் நின்றேன். கதவு இல்லை, சுவர் இல்லை, நல்ல வெயில்.

கொடிக்கம்பு மூங்கில் இல்லை, இரும்புக் குழாய். முதல் அடி தோள்பட்டை எலும்பில். கையைத் தூக்கினேன், இரண்டாவது மணிக்கட்டில். விழுந்த பிறகு பூட்ஸ் காலால். இரண்டு பல் வாய்க்குள் கல் மாதிரி உருண்டதை நாக்கால் எண்ணினேன். அவர்களுக்குப் புரிய ஏழு எண்ணிக்கை ஆனது. ஏழு வரை நாற்பது பேரும் கையில் கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எட்டில் எழுந்தார்கள். அவனைப் பிடித்து இழுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அப்போதும் என் பின்னலை விடவில்லை. யாரோ மீன் கத்தியால் பின்னலை அறுத்துத்தான் என்னைப் பிரித்தார்கள். ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்த அதே ஆள் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

போலீசார் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பதினேழு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கம்பியை எடுத்த இடத்தில் வைத்துவிடு.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கை நடுங்கியது. பெரியக்கா பார்த்துவிட்டு என்னைத் துணி மூட்டை மேல் உட்காரவைத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று மூன்று நாளாக வார்த்தை தேடுகிறேன். உன் பல்லைக் கொடுத்து என்னை வாங்கியிருக்கிறாய். அதைக் கேட்டு நான் என்ன செய்வது?

இப்போது கவனமாகப் படி. அவன் உள்ளே இருந்தபடியே ஆள் அனுப்பி அப்பாவை மசியவைத்துவிட்டான். நீ புகாரைத் திரும்ப வாங்கினால், நான் கல்லால் அடித்ததைப் பற்றி அவன் வாயே திறக்கமாட்டானாம். இல்லையென்றால் கொலை முயற்சி. சமாதானக் காகிதத்தைத் தட்டச்சு செய்தே அனுப்பியிருக்கிறான். அப்பா வியாழக்கிழமை பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு உன்னிடம் வருகிறார். எட்டு வாரத்துக்குப் பிறகு நேற்று முதல்தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "உனக்காகத்தான் போறேன், அவ கையெழுத்துப் போட்டா நீ தப்பிச்ச" என்றார்.

அதனால் இன்று காலை நான் இங்கே இருக்கும் போலீஸ் நிலையத்துக்குப் போனேன்.

வாசலிலேயே மூன்று தடவை திரும்பிவிட்டேன். நாலாவது தடவை உள்ளே போனேன். எழுத்தர் தலையைத் தூக்காமல், "என்ன வேணும்?" என்றார். சொன்னேன். "என்னது?" என்றார். மறுபடியும் சொன்னேன். "காத்துதாம்மா வருது. சத்தமா சொல்லு" என்றார். "எங்க மாமா மண்டையை நான்தான் உடைச்சேன்!" என்றேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சைக்கிள் தொலைந்ததென்று வந்திருந்த ஒருவர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கும்மா உடைச்ச?"

"அக்கா முகத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டிருந்தார் சார்."

"எவ்வளவு நேரம்?"

"பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன்."

அவர் அப்போதுதான் பேனாவை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இனி என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியலம்மா. கூப்பிடுவாங்க. இல்லத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க. நீயா வந்து சொன்னதை எழுதியிருக்கேன்" என்றார்.

அனுப்பினால் போகிறேன். ஆனால் என்னைக் காட்டி உன்னிடம் யாரும் கையெழுத்து வாங்க முடியாது. அவன் சொல்லப்போவதாகப் பயமுறுத்துவதை நானே சொல்லிவிட்டேன்.

துணி உலர்த்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது. பெரியக்கா சாவி கொடுத்துவிட்டாள். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நானே போட்டுப் பார்த்தேன்.

பூச்சி


மே 3

பூச்சிக்கு,

அப்பா வந்தார்.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். என் தலையைப் பார்த்தார், அறுபட்ட முடியைப் பார்த்தார், வாயைப் பார்க்கவில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள் என்றார். பிறகு காகிதத்தை எடுத்து விரிப்பின் மேல் வைத்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் இடது கை விரல்களைப் பிரித்து உள்ளே வைத்தார். "போட்டுடும்மா. பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார்.

நீ போலீஸ் நிலையத்துக்குப் போனதைச் சொன்னேன்.

அவருக்குத் தெரியாதே. உட்கார்ந்துவிட்டார். "அவளா?" என்றார். "அவளா பேசினா? சத்தமாவா?" என்றார். சைக்கிள்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டது வரைக்கும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கையை முகத்தில் வைத்துக்கொண்டார். கையை எடுக்காமலே, "அன்னிக்கு நான் சங்கு பொறுக்கலம்மா" என்றார். தெரியும் என்றேன். வேறு எதையாவது நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நாலு மணி பஸ் போய்விட்டது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

போகும்போது காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டார். பேனாவைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

வருகிற வெள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்புகிறார்கள். டீச்சர் எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிடுவார். உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா என்று பாப்பா கேட்டாள். இல்லை என்றேன். "பெரிய தொட்டி இருக்குமா?" என்றாள். துணி துவைக்க மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இங்கே விசாரிக்கும் அதிகாரி ஒரு பெண். குட்டையில் நடந்ததும் சுவரில் நடந்ததும் போதாது, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவின் பேனாவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கைதான், ஆனால் பழகிவிட்டது. இருபத்திரண்டு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டாவது வருடத்தில்தான் இருக்கிறேன்.

அக்கா